வக்கீல் பால் மார்ஃபி

செஸ் ஆடுறவங்க எல்லாருக்கும் பால் மார்ஃபிய தெரியும், ஆனா மனுஷன் படிச்சது சட்டம். நியூ ஆர்லியன்ஸ்காரரு, 1837ல பொறந்தவரு, அப்பா லூசியானா சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ். 1857ல சட்டம் முடிச்சாச்சு, ஆனா 21 வயசு ஆகாம பிராக்டிஸ் பண்ண முடியாது, சரி அதுவரைக்கும் சும்மா இருப்பானேன்னு நியூயார்க்ல நடந்த முதல் அமெரிக்க செஸ் காங்கிரஸ்ங்கிற போட்டிக்குப் போயி ஃபைனல்ல லூயிஸ் பால்சன்ங்கிற ஆட்டக்காரர அடிச்சு கப்ப தூக்கிட்டாரு! அடுத்த வருஷம் ஐரோப்பா. அங்க பேர் போன ஆட்டக்காரங்க லோவென்தால், ஹார்விட்ஸ், அப்புறம் பாரிஸ்ல, அப்போ ரொம்பப் பெரிய ஆட்டக்காரர்னு பேர் எடுத்த ஆண்டர்சனே காலி, 7 வெற்றி, 2 தோல்வி, 2 டிரா. இங்கிலாந்தோட பெரிய ஆட்டக்காரர் ஸ்டான்டன் மட்டும் கடைசி வரைக்கும் மேட்ச் ஆடவே இல்ல, பயந்துட்டாருன்னுதான் நான் சொல்லுவேன்.

பாரிஸ் ஆபரா அரங்குல, பெரிய மனுஷங்க உக்காருற தனி பாக்ஸ்ல உக்காந்து ஆடின கேம் இருக்கே, எதிர்ல பிரன்ஸ்விக் டியூக்கும் ஒரு கவுன்ட்டும், அதாவது ரெண்டு பிரபுக்கள், சேந்து யோசிக்கிறாங்க, இவரு ஒத்த ஆளு, 16வது மூவ்ல ராணிய குடுத்துட்டு 17ல யானையும் பிஷப்பும் வச்சு மேட். இன்னிக்கும் கோச்சுங்க மொதல்ல காட்டுற கேம் இதான்.

1859ல ஊருக்குத் திரும்பினவரு சீரியஸ் செஸ்ஸ கிட்டத்தட்ட விட்டுட்டாரு, வக்கீல் வேலைதான் வேணும்னு. ஆனா 1861ல உள்நாட்டுப் போர், பிராக்டிஸ் கடைசி வரைக்கும் சூடு பிடிக்கல, வர்றவங்களும் கேஸ விட்டுட்டு செஸ் பேசினாங்கன்னு சொல்றாங்க. பின்னாடி மனநிலையும் பாதிச்சு 1884ல 47 வயசுலயே போயிட்டாரு. இவ்ளோ திறமைய பொழுதுபோக்குன்னு ஒதுக்கினதுதான் எனக்கு இன்னும் ஜீரணிக்க முடியல.