கபுக் சுவரும் சீமெந்துப் பூச்சும்

கொழும்பில் பழைய கட்டடமொன்றைத் திருத்தப்போகிறோம் என்றதும் பேச்சு முகப்பில்தான் தொடங்கும். என்ன நிறம், பெயர்ப்பலகை எவ்வளவு பெரிது, ஜன்னல் பழைய வடிவில் இருக்குமா? நகர அபிவிருத்தி அதிகாரசபையிடமும், பாதுகாக்கப்பட்ட சின்னமென்றால் தொல்பொருள் திணைக்களத்திடமும் கொண்டுபோகிற வரைபடத்திலும் இவைதான் பளிச்சென்று தெரியும். புறக்கோட்டைக் கட்டடங்கள் பாழாவதோ பெரும்பாலும் சுவருக்குள் அடைபட்ட ஈரத்தால்.

ஒல்லாந்தர் காலத்துச் சுவர் என்றால் கபுக் என்னும் செம்புரைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். 1757 இல் நிறைவுற்ற வுல்பெண்டால் தேவாலயத்தில் அது ஏறத்தாழ 5 அடித் தடிப்பு. இத்தகைய சுவர்களுக்கு அடியில் ஈரத்தடுப்புப் படை கிடையாது. நிலத்தின் ஈரம் மேலேறி, சுண்ணாம்புப் பூச்சின் வழியாகக் காய்ந்துவிடும். அதன்மேல் சீமெந்து பூசினால் அந்த வழி மூடிவிடுகிறது. ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறுகிறது. அதோடு வந்த உப்பு பூச்சின் பின்பக்கம் படிகமாக உறைகிறது. சில மழைக்காலம் போனதும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், பொள்ளலாகச் சத்தம் கேட்கும். பிறகு பாளம் பாளமாக விழும், கபுக்கின் மேற்புறத்தையும் உரித்துக்கொண்டு. உள்ளே கல் செந்தூளாக உதிரும். அங்கேயே திரும்பவும் சீமெந்தை அப்புவார்கள். பார்க்க மனம் வலிக்கும்.

திருத்த வேலையில் முதலில் கூரையும் பீலியும். மேலே ஒழுகும்வரை கீழே செய்யும் எந்த வேலையும் வீண். அடுத்தது வெளித் தரை. தெருவும் நடைபாதையும் ஆண்டுக்காண்டு உயர்ந்து சுவரின் அடியை மூடியிருக்கும். முடிந்த இடத்தில் அதை உள்தரைக்கு 6 அங்குலம் கீழே இறக்கி, நீர் ஓட வழிவிட வேண்டும். சீமெந்தைச் சிற்றுளியால்தான் எடுக்க வேண்டும். பிரேக்கர் இயந்திரம் வைத்து உடைத்தால் கல்லும் சேர்ந்து போகும். வெளிப்பட்ட உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே இறங்கிவிடும்.

பிறகு காயவிடுவது. அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுக் கணக்கு. கொழும்பின் காற்றில் அதற்கும் கூடும். வாடகை நிற்கிறதே என்று உரிமையாளர் அவசரப்படுவது இங்கேதான்.

பூச்சுக்கு, நீரில் ஊறிப் பதமான சுண்ணாம்புக் களி 1 பங்கு, கழுவிய ஆற்று மணல் 3 பங்கு. கடல் மணல் கூடவே கூடாது. ஒரு படை 10 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. ஈரச் சாக்கு தொங்கவிட்டு வெயில் படாமல் காக்க வேண்டும். மயிரிழை வெடிப்பு வந்தால் மட்டப்பலகையால் தேய்த்து மூடலாம். "பிடிக்கட்டும்" என்று மேசன் பாஸ் ஒரு கை சீமெந்து போட்டுவிடுவார்; அந்தக் கலவைக்குச் சுண்ணாம்பின் நெகிழ்வும் இருக்காது, சீமெந்தின் வலிமையும் இருக்காது. மேலே எமல்ஷன் வேண்டாம், மெல்லிய சுண்ணாம்பு வெள்ளை 4 அல்லது 5 தடவை.

மரத்தளத்தில் பார்க்க வேண்டியது சுவருக்குள் புதைந்த விட்டமுனை. நடுவில் உறுதியாகத் தெரியும். முனையில் ஊசி குத்தினால் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும். வீட்டுப் பாவனைக்குப் போட்ட தளத்தில் துணிக்கட்டுகளை முகடுவரை அடுக்கினால் அந்த முனை எத்தனை நாள் தாங்கும்? நல்ல மரம் வரும்வரை வெட்டி, அதே சாதி மரத்தைப் பொருத்தி, துருப்பிடிக்காத எஃகு போல்ட்டால் இறுக்க வேண்டும். முனையைச் சுற்றிக் காற்றுக்கு இடம்விடாமல் சாந்தால் அடைத்தால் அடுத்த முனையும் உக்கும்.

முகப்பு விதிகளும் தேவைதான். ஏசி இயந்திரம் பின்புறம் போகட்டும், பலகைக் கதவு இருக்கும் இடத்தில் உருட்டுக் கதவு வரவேண்டாம். கோட்டையில் ஒல்லாந்தர் வைத்தியசாலை 2011 இல் கடைகளும் உணவகங்களுமாகத் திறக்கப்பட்டபோது முற்றங்களும் ஓட்டுக்கூரையும் நிலைத்தன. கட்டடத்துக்கு ஏற்ற பாவனை கிடைத்ததால் அது சாத்தியமானது.

ஒப்பந்தம் எழுதும்போது இரண்டை விடாதீர்கள்: வேலைக்கு முன் 1 சதுர மீற்றர் மாதிரிப் பூச்சுப் பூசி ஒப்புதல் பெறுவது; சுவர் காயும் மாதங்களைக் கால அட்டவணையில் தனி வரியாகப் போடுவது.