கோவையில் நின்ற டிக்கி காந்தலில் விழுந்தது

ஒரு வழியாக இன்று காலை டிக்கி கதவு தானாக நின்றது. உறைபனி விழுந்த காலை, ஆறரை மணி, 2 டிகிரி. மூன்று மாதமாக ஆம்னி வேனுக்குப் பின்னால் சீகை மரக் கட்டையை முட்டுக் கொடுத்து அதன் அடியில் குனிந்து டீ போட்டவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கதவைத் தள்ளித் தூக்கி நிறுத்தும் பழைய கேஸ் ஷாக் இரண்டும் எண்ணெய் கசிந்து போயிருந்தன. கோவை உக்கடத்தில் நீளத்தைக் காட்டிக் கேட்டேன், தலா 300 நியூட்டன் விசையில் தள்ளும் ஜோடி ஒன்றை எடுத்துக் கொடுத்து "நீளம் சரியா இருந்தாப் போதுங்ணா" என்றார்கள். கடை வாசலிலேயே மாட்டினேன். 35 டிகிரி வெயிலில் கதவு ஜம்மென்று நின்றது, மேட்டுப்பாளையத்தில் வண்டியை நிறுத்தி இன்னொரு தரம் திறந்து பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன். மறுநாள் காலை ஊட்டி காந்தலில் அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்தபோது அதே கதவு சத்தமில்லாமல் இறங்கி வந்து பின்மண்டையில் உட்கார்ந்தது. "கட்டையைத் தூக்கிப் போடாதீங்கன்னு சொன்னேன்ல" என்றாள் வீட்டுக்காரி.

அப்புறம்தான் கணக்குப் போட உட்கார்ந்தேன், முதலிலேயே போட்டிருக்க வேண்டியது. ஷாக்கைக் கழற்றிவிட்டு, கதவைக் கிடைமட்டத்துக்குத் தூக்கி, கீழ் விளிம்பில் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை மாட்டினால் 10.5 கிலோ. மடக்கு மேஜைக்காக நானே உள்பக்கம் ப்ளைவுட் அடித்திருக்கிறேன், வெறும் கதவு 8 கிலோதான் இருந்தது. கீலிலிருந்து விளிம்பு 90 செ.மீ. ஷாக் தள்ளும் கோட்டுக்கும் கீலுக்கும் நேர்குத்தாக 15 செ.மீ. (இந்த 15-ஐ அளக்க நூல் கட்டி, மூலைமட்டம் வைத்து, அரை நாள் போனது. ஷாக்கின் நீளத்தை அளந்துவிட்டு இதை விட்டால் எல்லாம் வீண்.) ஆக 10.5 × 90 ÷ 15 = 63 கிலோ, ஒரு ஷாக்குக்குப் பாதி 31.5, அதாவது சுமார் 309 நியூட்டன்.

ஷாக்கில் அச்சடித்திருப்பது 20 டிகிரியில் உள்ள விசை. உள்ளே நைட்ரஜன், குளிர்ந்தால் அழுத்தம் குறையும். 300 என்பது கோவை வெயிலில் 315, காந்தல் காலையில் 280 சொச்சம். விழாமல் என்ன செய்யும்?

350 வாங்கினேன். அது 2 டிகிரியில் 328. தண்டு கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினேன், அப்போதுதான் சீலில் எண்ணெய் நிற்கும். இடப்பக்க ஷாக்கின் முனை மாட்டும் பால் ஜாயிண்ட் துருப்பிடித்து அசையவே இல்லை, இரண்டு ராத்திரி துரு எண்ணெயில் ஊறவைத்த பிறகே கழன்றது. லாக் கிளிப் ஒன்று சிறு ஸ்குரூடிரைவரிலிருந்து துள்ளிப் பறந்து பக்கத்து வீட்டு கேரட் பாத்தியில் விழுந்துவிட்டது, இன்னும் தேடுகிறேன். அதுவரை அந்த முனையைக் கம்பி சுற்றி நிறுத்தியிருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

ஒரே குறை, மதியம் கதவை மூட இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. கீல் ஸ்குரூ தளர்கிறதா என்று வாராவாரம் பார்க்க வேண்டும். காசு சேர்ந்தால் ப்ளைவுட்டைக் கழற்றிவிட்டு அலுமினியத் தகடு போடும் எண்ணம், ஆனால் அப்போது எடை குறைந்து இந்த 350-ம் அதிகமாகிவிடும், மறுபடி தராசு, மறுபடி நூல்.

வயரிங் குழாய் ஒன்றை நீளவாட்டில் கீறித் தண்டின் மேல் கவ்வவிட்டால் கதவு இறங்காது என்று ஒருத்தர் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்கிறேன். சீகைக் கட்டை இப்போதைக்கு சீட்டுக்கு அடியிலேயே கிடக்கிறது.