தணியாத ஆசையை ஆங்கிலத்தில் எழுதும்போது

வேலைக்கான ஆங்கில விண்ணப்பக் கடிதங்களைத் திருத்துகிறவர்கள், தணியாத ஆசை என்ற பொருளில் எழுதப்படும் 'அன்யீல்டிங் டிசையர்' (unyielding desire) என்ற சேர்க்கையில் பேனாவை நிறுத்துவார்கள். இலக்கணப் பிழை இல்லை. ஆனால் சொல் ஒட்டவில்லை. 'யீல்ட்' என்றால் நெருக்கினால் விட்டுக்கொடுப்பது. அதனால் 'அன்யீல்டிங்' எதிர்ப்போடும் நிலைப்பாட்டோடும் மன உறுதியோடும் இயல்பாகச் சேரும். ஆசைக்குப் பழகிய அடைமொழி 'பர்னிங்' (burning, எரிகிற).

தணியாத, தீராத, அடங்காத என்று தமிழில் எதை முன்னால் வைத்தாலும் ஆசை ஏற்றுக்கொள்ளும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு அடைமொழிக்கும் தனி ஜோடி உண்டு. தாகத்துக்கு 'அன்குவென்ச்சபிள்' (unquenchable), பசிக்கும் அறியும் ஆவலுக்கும் 'இன்சேஷியபிள்' (insatiable). இந்தக் கடைசிச் சொல்லுக்குள் 'போதும்' எனப் பொருள்படும் லத்தீன் 'சாட்டிஸ்' இருக்கிறது. எவ்வளவு கிடைத்தாலும் போதாது என்பதே பொருள். 'க்யூரியாசிட்டி'யோடு வந்தால் பாராட்டு. பணம், பதவியோடு வந்தால் பேராசை. சம்பளத்தைப் பற்றிய வரிக்கு அருகில் அதை வைக்கவே கூடாது.

அதிகம் சறுக்குவது அடுத்து வரும் சிறு சொல்லில்தான். பின்னால் வினை வந்தால் 'டிசையர் டு லேர்ன்'; பெயர் வந்தால் 'டிசையர் ஃபார் நாலெட்ஜ்'. 'டிசையர் ஆஃப் லேர்னிங்' என எழுதுவது, 'ஆஃப்' ஏற்கும் 'டிசைரஸ்' (desirous, விரும்புகிற) என்ற பழைய அலுவலகச் சொல்லோடு குழப்பிக்கொள்வதால் வரலாம். 'டிசையர்' வினையாகும்போது 'ஃபார்' வேண்டாம்: 'வி டிசையர் பீஸ்' போதும். 'ஐ ஆம் ஹேவிங் எ டிசையர்' தவறு. 'ஐ ஹேவ்' என்றே எழுத வேண்டும். 'பர்னிங்' முன் 'எ', 'அன்யீல்டிங்', 'அன்குவென்ச்சபிள்', 'இன்சேஷியபிள்' மூன்றுக்கும் முன் 'ஆன்'.

இன்னொரு கண்ணி: 'பர்னிங் டிசையர் ஃபார் யுவர் கம்பெனி'. 'கம்பெனி' என்பதற்கு உடனிருப்பு என்ற பொருளும் உண்டு. ஆளை நோக்கிய 'டிசையர்' காம வேட்கையாகவே படிக்கப்படும். நிறுவனத்தில் சேர விருப்பம் என்றால் 'டு வொர்க் அட்' என்று வினையோடு எழுதுவதே பாதுகாப்பு.

சேர்க்கையில் ஐயம் வந்தால் 'ஆக்ஸ்ஃபோர்ட் கொலொகேஷன்ஸ் டிக்‌ஷனரி'யில் 'டிசையர்' என்ற பெயர்ச்சொல்லைத் தேடுங்கள். எந்த அடைமொழிகள் அதோடு வரும் என்பது அங்கே வரிசையாக இருக்கும்.

அலுவலகக் கடிதத்துக்கு 'ஈகர் டு', 'கீன் டு' இரண்டுமே போதுமானவை. 'பர்னிங் டிசையர்' வேண்டும் என்றால் ஒரே ஒரு முறை. அதற்கு அடுத்த வாக்கியத்தில் என்ன படித்தீர்கள், எத்தனை மாதம், எதைச் செய்து முடித்தீர்கள் என்று எழுதுங்கள். அப்படி எழுத எதுவும் இல்லையென்றால் அந்த அடைமொழியை அடித்துவிடுங்கள்.