கண் ஆபரேஷனுக்குப் பிறகு கண் பிரஷர் ஏறினால், உள்ளே ஃபைப்ரின் படலம் இருக்கிறதா என்று கேளுங்கள்

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. செம்பூரில் வீட்டுக்குப் பக்கத்திலேயே காலையில் போய் மத்தியானம் திரும்பிவிட்டோம். அந்த வாரம் முடிவதற்குள் நடந்ததை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சர்க்கரை இருக்கிற பெரியவர்களுக்குக் கண் ஆபரேஷன் செய்யப்போகிற வீட்டில் ஒருவராவது இதைப் படித்து வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவர், ஆபரேஷன் செய்த பக்கம் புருவத்துக்கு மேலே குத்துகிறது என்று எழுந்துவிட்டார். அப்புறம் குமட்டல், வாந்தி. டியூப்லைட்டைச் சுற்றி வளையம் தெரிகிறது என்றார். போன் செய்தால் ரிசப்ஷனில் இருந்த பெண் டாக்டரிடம் கொடுக்கவே இல்லை. வலி எல்லாருக்கும் வரும், பாராசிட்டமால் கொடுங்கள், அடுத்த தேதி கார்டில் இருக்கிறது என்றார். வாந்தியும் எடுக்கிறார் என்றதற்கு, அது வயிற்றுக் கோளாறு, ஃபேமிலி டாக்டரைப் பாருங்கள் என்று வைத்துவிட்டார். ஃபேமிலி டாக்டரும் அசிடிட்டி என்று ஊசி போட்டு அனுப்பினார். கண்ணுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறினால் தலைவலியும் வாந்தியும் சேர்ந்தே வரும், கண் டாக்டர் யாராக இருந்தாலும் இதைக் கேட்டவுடன் பிரஷர் பார்ப்பார். நமக்கும் அவருக்கும் நடுவில் ஒரு போன் நிற்கிறது, அதுதான் பிரச்சினை. அதனால் இப்படி வலி வந்தால் போனில் அனுமதி கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், நேரே போய் நின்று "கண் பிரஷர் பாருங்கள்" என்று அந்த வார்த்தையையே சொல்லுங்கள்.

காலையில் போய்ப் பார்த்தால் பிரஷர் 46. சாதாரணமாக 10-இலிருந்து 21-க்குள் இருக்க வேண்டியது. பிரஷரைக் குறைக்கிற டயமாக்ஸ் மாத்திரையும் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள், இறங்கியது, வீட்டுக்கு அனுப்பினார்கள், மறுபடி ஏறியது. திரும்பப் போனோம், அதே மருந்து, அதே கதை. ஏன் ஏறுகிறது என்று கேட்டால் சிலருக்கு அப்படித்தான் என்றார்கள். ஆபரேஷனில் பயன்படுத்துகிற ஜெல் கொஞ்சம் உள்ளே தங்கிவிட்டால் முதல் நாள் பிரஷர் ஏறும், ஸ்டீராய்டு சொட்டு ஒத்துக்கொள்ளாமல் ஏறுவதற்குப் பெரும்பாலும் சில வாரம் ஆகும். அப்பாவுக்கு வந்தது இரண்டுக்கும் நடுவில். அப்படியானால் வேறு என்ன காரணம் என்ற கேள்வியை அங்கே யாரும் தங்களுக்குள் கேட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

சரி, தெற்கு மும்பையில் பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்விடலாம் என்று ஃபைலைக் கேட்டால், டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டர் கையெழுத்து ஆகவில்லை, திங்கட்கிழமை வாருங்கள் என்கிறார் கவுன்டரில் இருந்தவர். அம்மா தனக்குத் தெரிந்த இந்தியில், "உங்க கையெழுத்து வரும்வரை இவர் கண் காத்துக்கிட்டு இருக்குமா, பேட்டா?" என்று கேட்டுவிட்டு அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. கடைசியில் கையெழுத்தில்லாத ஜெராக்ஸ் கிடைத்தது. கண்ணுக்குள் வைத்த லென்ஸின் ஸ்டிக்கர், போட்ட மருந்துகளின் பட்டியல், ஆபரேஷனுக்கு முன் எடுத்த பிரஷர் அளவு இவற்றையெல்லாம் ஆபரேஷன் அன்றைக்கே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, செம்பூரிலிருந்து ஆட்டோவில் கிளம்பினால் சயானுக்கு அப்பால் ஆட்டோவை விடமாட்டார்கள். அங்கே இறங்கி, பிளாஸ்டிக் பையை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டிருந்த அப்பாவை வெயிலில் நிறுத்திவைத்து டாக்ஸி தேடினோம். நோயாளியோடு போகிறவர்கள் வீட்டிலிருந்தே டாக்ஸி வைத்துக்கொள்வது நல்லது.

பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த பயிற்சி டாக்டர் முதலில் கேட்டது ஆஸ்துமா உண்டா என்று. உண்டு. எழுதிக் கொடுத்திருந்த சொட்டில் டைமோலால் இருந்தது, ஆஸ்துமாக்காரர்களுக்கு அது ஆகாது, உடனே சீட்டிலிருந்து அடித்துவிட்டார். டயமாக்ஸுக்கும் சல்ஃபா அலர்ஜி உண்டா, கிட்னி எப்படி என்று கேட்டார். முன்பு பார்த்த இடத்தில் இதில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை. பிறகு பெரிய டாக்டர் ஸ்லிட் லேம்ப் என்கிற கண் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, திரையில் எங்களுக்கும் காட்டினார். கண்மணியின் மேல் பால் ஆடை போல மெல்லிய சாம்பல் நிறப் படலம், அதன் ஓரம் லென்ஸில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் ஃபைப்ரின்.

அடிபட்ட இடத்தில் ரத்தத்தை உறையவைக்கிற அதே புரதம்தான். கண்ணுக்குள் ஓடுகிற நீரில் சாதாரணமாகப் புரதம் மிகக் குறைவு. ஆபரேஷன் அழற்சியில் ரத்தக்குழாய்கள் கசியும்போது ஃபைப்ரினோஜென் உள்ளே வந்து ஃபைப்ரினாக உறைகிறது, சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்தக் கசிவு அதிகம். கருவிழிப்படலத்துக்கு (ஐரிஸ்) பின்னால் ஊறுகிற நீர் கண்மணி வழியாக முன்னால் வந்து, ஓரத்தில் இருக்கிற சல்லடை போன்ற திசு வழியாக வெளியேற வேண்டும். படலம் கண்மணியை அடைத்தால் நீர் பின்னாலேயே தேங்கி, கருவிழிப்படலத்தை முன்னால் தள்ளி, வெளியேறும் மூலையையும் மூடிவிடும். டயமாக்ஸ் நீர் ஊறுவதைத்தான் குறைக்கும், அடைப்பை எடுக்காது. மருந்தின் வேகம் தீர்ந்ததும் பிரஷர் ஏறியது இதனால்தான்.

கிருமித் தொற்றிலும் ஃபைப்ரின் வரும் என்பதால் ஸ்கேன் எடுத்து அது இல்லை என்று உறுதி செய்தார்கள். மணிக்கொரு தடவை ஸ்டீராய்டு சொட்டு, கண்மணியை விரிக்க அட்ரோபின். மறுநாளும் படலம் கரையவில்லை. லேசரால் துளை போடலாம் என்றால் கண்ணின் முன்பக்கக் கண்ணாடி போன்ற கார்னியா வீங்கிக் கலங்கியிருந்ததால் லேசர் குவியாது. ஆகவே அல்டிபிளேஸ் ஊசி என்று முடிவானது. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் ரத்தக்கட்டைக் கரைக்கக் கொடுக்கிற மருந்து அது, கண்ணுக்கு 25 மைக்ரோகிராம் போதும். ஆனால் வயல் 20 மில்லிகிராம். சிறு அளவுகளாகப் பிரித்து உறையவைத்திருந்தது தீர்ந்துவிட்டது என்று எண்ணூறில் ஒரு பங்குக்காக முழு வயலுக்கும் பணம் கட்டச் சொன்னார்கள். மருந்தகத்திலோ, இது இதய மருந்து, கண் பிரிவு சீட்டுக்குத் தரமாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். நான் மாடிக்கும் கீழுக்குமாக ஓடி, டாக்டரே இறங்கி வந்து பேசிய பிறகுதான் கொடுத்தார்கள். ஊசி போட்டது சில நிமிட வேலை. சாயங்காலம் படலம் நடுவில் கிழிந்து ஓரமாகச் சுருண்டிருந்தது, பிரஷர் 19. மறுநாள் கேட்காமலேயே அப்பா சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து மணி சொன்னார். அம்மா அழுதுவிட்டார்.

இன்சூரன்ஸ்காரர்கள் இதய மருந்து எதற்கு என்று கேள்வி எழுப்பி பில்லை நிறுத்திவைத்தார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போதே டாக்டரிடம் எதற்காக, என்ன அளவில் கொடுத்தார்கள் என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கிவிடுங்கள், படலத்தின் போட்டோவையும் கேட்டு வாங்குங்கள். அந்த போட்டோவை இணைத்த பிறகுதான் எங்களுக்குப் பணம் வந்தது. ஸ்டீராய்டு சொட்டு வெள்ளையாக இருந்தால் பாட்டிலை நன்றாகக் குலுக்கிவிட்டுப் போடுங்கள், மருந்து அடியில் தங்கிவிடும். ஒரு சொட்டுக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிடமாவது இடைவெளி விடுங்கள். அப்பாவுக்கு இன்னொரு கண் பாக்கி இருக்கிறது. முதல் கண்ணில் ஃபைப்ரின் வந்ததை ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறோம், சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகுதான் தேதி வாங்கப் போகிறோம், இந்தத் தடவை டாக்டரின் சொந்த நம்பர் கையில் இல்லாமல் ஆபரேஷன் இல்லை என்று அம்மா சொல்லிவிட்டார்.