நிற்காத ரேடியேட்டர் பேன்: நுவரெலியாவில் ஒரு பழைய கொரோலா

வண்டி 90களின் டொயோட்டா கொரோலா, பெட்ரோல். சாவியை ஒன் பண்ணியதுமே, இன்ஜின் ஸ்டார்ட் ஆகுமுன்பே பேன் சுற்றத் தொடங்குகிறது. சாவியை ஓஃப் பண்ணினால்தான் நிற்கிறது. ஏசி போடவே இல்லை.

இதைக் கேட்டவுடன் "ரிலே (காயிலில் மின்சாரம் பாய்ந்தால் இழுபட்டு, பேனின் மின்சாரத்தை மாற்றிவிடும் சுவிட்ச்) ஒட்டிக்கிச்சு" என்று சொல்லிவிடுவார்கள். இந்த வண்டியில் அதை உடனே நம்பக் கூடாது, ஏனென்றால் இதன் பேன் சர்க்கிட் தலைகீழானது. தண்ணீர் ஆறியிருக்கும்போது டெம்பரேச்சர் சுவிட்ச் மூடியிருந்து (அதாவது மின்சாரம் பாயும் நிலையில்) ரிலேயின் காயிலுக்கு எர்த் கொடுக்கும். காயில் இழுத்துப் பிடித்திருக்கும் வரை பேன் ஓடாது. சுமார் 93 பாகையில் சுவிட்ச் திறக்கும், ரிலே விடும், பேன் ஓடும். 83 பாகைக்கு இறங்கினால் சுவிட்ச் திரும்ப மூடும். வயர் அறுந்தாலும் பேன் ஓடி இன்ஜினைக் காப்பாற்றட்டும் என்பதுதான் கணக்கு. ஆகவே பேன் நிற்கவில்லை என்றால், பெரும்பாலும் எங்கோ தொடர்பு விட்டுப்போயிருக்கிறது.

ரிலேயைக் கழற்றி, தொடர்பு இருந்தால் சத்தமிடும் மல்டிமீற்றரை வைத்தால் கன்டாக்ட் இரண்டுக்கும் நடுவே "பீப்" சத்தம் வரும். இந்த ரிலேக்கு அதுதான் சரி! ஒட்டிவிட்டது என்று தூக்கிப் போட்டு, அதே அளவில் சாதாரண நான்கு கால் ரிலேயைச் சொருகினால் குளிரில் பேன் ஓடும், சூட்டில் நின்றுவிடும். ரம்பொடை ஏற்றத்தில்தான் அது தெரியவரும். காயில் முனைகளில் 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள்: "டிக்" என்று கேட்டு பீப் நின்றால் ரிலே நல்லது.

அடுத்து சுவிட்சின் பிளக். அதைக் கழற்றி, ரிலேயிலிருந்து வரும் வயரை ஒரு துண்டு வயரால் வண்டியின் இரும்பு பொடியில் எர்த் பண்ண வேண்டும் (இரண்டு கால் பிளக் என்றால் இரண்டையும் இணைத்தால் போதும்). பேன் நின்றால் கோளாறு சுவிட்சில். நிற்காவிட்டால் வயரில் அல்லது ரிலேயில். இங்கே நிற்கவில்லை. ரிலேயைத்தான் ஏற்கெனவே பார்த்தாயிற்று, மிஞ்சியது வயர்.

பிளக்கிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே வயர் மேலுக்கு முழுசாகத்தான் இருந்தது. மடித்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் துணி மாதிரி தொய்ந்தது. உறையைக் கீறினால் செம்புக்குப் பதில் பச்சைத் தூள். மூடுபனி ஈரமும் தோட்டத்து ரோட்டுக் குலுக்கலும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டி, புதுத் துண்டு வைத்து ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு, பிளக்கில் கொஞ்சம் கிரீஸ் தடவியதும் பேன் அடங்கியது.

ஏசி உள்ள சில வண்டிகளில் காஸ் பிரஷர் சுவிட்சும் இதே வரிசையில் வரும். "நுவரெலியாவில் ஏசி எதற்கு" என்று ஏசியின் கண்டென்சரைக் (ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பது) கழற்றியவர்கள் அந்தப் பிளக்கைத் தொங்கவிட்டிருந்தாலும் பேன் நிற்காது.

வயரோடு சுவிட்சையும் சோதித்தோம். கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது கொழும்பில் சரிவரும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். 93இல் திறக்க வேண்டிய சுவிட்ச் அதில் திறந்தாலும் திறக்கும், திறக்காமலும் போகும். நல்ல சுவிட்சைக் குப்பையில் போட வேண்டி வரும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்த தண்ணீர் 100ஐயே தாண்டும். பழைய டின்னில், வீட்டுக்கு வெளியே வைத்துக் காய்ச்ச வேண்டும். அது விஷம், சமையல் பாத்திரம் ஆகாது. சுவிட்சின் உலோக முனை மட்டும் முங்கட்டும். திறப்பதைவிட, ஆறும்போது 83க்குப் பக்கத்தில் மூடுகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) பேனை இயக்கும் புதிய வண்டிகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அங்கே கூலன்ட் சென்சரின் பிளக்கைக் கழற்றி ஓம் பாருங்கள்: பெரும்பாலானவற்றில் 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம், 80இல் 0.3 கிலோ ஓம் அளவு. ஸ்கேனரில் மைனஸ் 40 காட்டினால் சென்சர் அல்லது அதன் வயர் அறுந்திருக்கிறது.

வேலை முடிந்தபின் நுவரெலியாக் குளிரில் ஐடிலில் எவ்வளவு நேரம் விட்டாலும் பேன் ஓடாமல் போகலாம். அது கோளாறில்லை. ரேடியேட்டர் முன்னால் அட்டை வைத்து மறைத்து, டெம்பரேச்சர் ஊசியைப் பார்த்துக்கொண்டே 2000 ஆர்பிஎம்மில் பிடித்தால் பேன் ஓடத் தொடங்கும். அட்டையை எடுத்த சிறிது நேரத்தில் தானாக நிற்க வேண்டும்.