ஷையான் விபத்தில் அந்தக் குழந்தை மேல் பழி வேண்டாம்

ஜெசிகா டுப்ராஃப் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது "விமானம் ஓட்டப் போய் இறந்த ஏழு வயதுக் குழந்தை" என்பதுதான். இதைக் கேட்கும்போதெல்லாம் மனசு பொறுக்கவில்லை. விழுந்தபோது விமானம் அந்தக் குழந்தையின் கையில் இல்லை.

1996 ஏப்ரல். கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பேயிலிருந்து கிழக்குக் கரையில் மாசசூசெட்ஸ் வரை போய், எட்டே நாளில் திரும்பிவிட வேண்டும் என்பது திட்டம்; சின்ன வயதில் நாட்டைக் குறுக்கே கடந்த சாதனைக்கான முயற்சி அது. செஸ்னா 177பி, நாலு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானம். இடது இருக்கையில் ஜெசிகா, கால் எட்டாததால் பெடல்களில் நீட்டுக்கட்டை பொருத்தியிருந்தார்கள். பக்கத்தில் பயிற்சியாளர் ஜோ ரீட், பின்னால் அப்பா லாயிட். முதல் நாள் ராத்திரி வயோமிங்கின் ஷையானில் தங்கிவிட்டு, 11ஆம் தேதி காலை எட்டரை மணிக்குச் சற்று முன் கிளம்பினார்கள்.

கிளம்பியிருக்கவே கூடாது. இடிமழை விமான நிலையத்தின் மேலேயே வந்துகொண்டிருந்தது, காற்று 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கி.மீ.) வேகத்தில் வீசி அவ்வப்போது 30 வரை எகிறியது. கொஞ்சம் முன்னால் புறப்பட்டிருந்த இன்னொரு செஸ்னாவின் விமானி, மேலே போகும்போது காற்றின் வேகம் சட்டென்று 15 நாட் கூடிக் குறைவதாகச் சொல்ல, விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து அதை இவர்களுக்கும் தெரிவித்தார்கள். கேட்டுக்கொண்டதாகப் பதிலும் போனது. அப்புறமும் கிளம்பினார்கள்.

அந்த ஓடுபாதை 6,100 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிசு. எஞ்சினுக்கு வலு குறையும், ஏறுவதும் மெதுவாகத்தான். ரீட் பழகியதோ கடலோர விமான நிலையத்தில். போதாக்குறைக்கு அனுமதித்த எடையைவிட 96 பவுண்டு அதிகம், அதாவது சுமார் 44 கிலோ. எதிர்க்காற்றில் எழும்பிய விமானம், மழைக்குள் வலது பக்கம் திரும்பியது. அப்படித் திரும்பும்போது எதிர்க்காற்று முதுகுக்காற்றாகிவிடும், கீழே தரை வேகமாக ஓடுவதைப் பார்த்தால் நல்ல வேகத்தில் போகிறோம் என்றே தோன்றும். ஆனால் இறக்கைக்குக் கணக்கு தரையோடு இல்லை, தன்மேல் ஓடும் காற்றோடுதான். ரீட் அந்த வேகத்தைத் தப்பாக எடைபோட்டு, ஏறவில்லையே என்று மூக்கை இன்னும் தூக்கியிருக்கலாம் என்று விசாரணையாளர்கள் கருதினார்கள். இறக்கை தாங்கும் சக்தியை இழந்தது, விமானம் கிட்டத்தட்ட செங்குத்தாகக் குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. மூவரும் போய்விட்டார்கள்.

தரைக்கு அவ்வளவு பக்கத்தில் ஸ்டால் ஆனால், அதாவது இறக்கை இப்படித் தாங்கும் சக்தியை இழந்தால், மீட்க இடமே கிடையாது. பயிற்சியில் இதையே செய்து பார்ப்பார்கள், ஆனால் கீழே சில ஆயிரம் அடி கையில் வைத்துக்கொண்டு.

அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் காரணமாகச் சொன்னது, மோசமாகிக்கொண்டிருந்த வானிலையில் புறப்பட விமானத்துக்குப் பொறுப்பான விமானி எடுத்த முடிவு. அந்த விமானி ரீட், ஜெசிகா இல்லை. அளவுக்கு மீறிய பயணத் திட்டமும், அதற்குப் பின்னால் இருந்த ஊடக ஏற்பாடுகளும் துணைக்காரணம். என்னை உறுத்துவது இந்த இரண்டாவது வரிதான். இடிமழை ஓரிடத்திலேயே நிற்பதில்லை, காத்திருந்தால் கடந்துபோயிருக்கும். ஆனால் அடுத்தடுத்த ஊர்களில் கேமராக்கள் காத்திருக்கும்போது, நிற்கலாம் என்று வாயெடுப்பது யாருக்கும் சுலபமில்லை.

அதே ஆண்டே சட்டம் வந்தது: உரிமம் இல்லாதவர்கள் சாதனை முயற்சிக்காக விமானத்தை இயக்கக் கூடாது. நல்ல சட்டம்தான், வரவேற்கிறேன். ஆனால் அன்று புறப்படலாம் என்று முடிவெடுத்தவரிடம் உரிமம் இருந்தது, அனுபவம் இருந்தது, வயது 52.