குரோம்பேட்டை வீடும் அதன் பத்திரங்களும்

வீட்டை விற்பதென்று முடிவானதும் உறவினர்கள் விலையைப் பற்றியே பேசினார்கள். வாங்க வந்தவரின் வழக்கறிஞரோ விலைப் பக்கமே போகவில்லை. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் மேற்கொண்டு பேச்சு என்றார். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

அப்பா 1968-இல் மனை வாங்கிய கிரயப் பத்திரத்தில் 'செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா' என்றிருக்கிறது. 1997-இல் மாவட்டம் பிரிந்தபோது காஞ்சிபுரத்தில் சேர்ந்தோம். 2019-இல் மறுபடியும் செங்கல்பட்டு. பல்லாவரம் நகராட்சிக்குக் கட்டிவந்த சொத்து வரி இப்போது தாம்பரம் மாநகராட்சிக்குப் போகிறது. வீடு இருந்த இடத்திலேயே இருக்க, முகவரி மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பழைய சர்வே எண்ணும் இன்றைய எண்ணும் ஒரே மனையைத்தான் குறிக்கின்றன என்று காட்டுவதிலேயே பாதி அலைச்சல்.

வில்லங்கம் 1975 முதல் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். அப்பா வாங்கியதும், வீடு கட்ட அடமானம் வைத்ததும், கடனை அடைத்து ரசீது பதிந்ததும் வரிசையாக வந்தன. அவர் பட்ட பாட்டை நான் முழுதாகத் தெரிந்துகொண்டது அந்தக் காகிதத்தில்தான்.

அப்பா உயில் எழுதவில்லை. 'அக்காவுக்கு நகை போட்டுக் கல்யாணம் செய்தாகிவிட்டதே, பங்கு வேண்டாம் என்று ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்' என்று பத்திர எழுத்தர் ஒருவர் யோசனை சொன்னார். எனக்கு அது சிறிதும் சம்மதமில்லை. தகப்பனார் சுயமாகச் சம்பாதித்த சொத்தில், உயில் இல்லாவிட்டால், மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இது இருக்கிறது. பெண்களின் உரிமை 2005-இல்தான் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் திருத்தம் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்து பற்றியது. அம்மா, அக்கா, நான் என மூவர் பெயரிலும் வாரிசுச் சான்று வாங்கி, அதை வைத்துப் பட்டாவையும் மாற்றினோம்.

பத்திரத்தில் என்னை நிறுத்தி வைத்தது சொத்து விவரம்தான். வடக்கில் இருபது அடி ரோடு, கிழக்கில் அடுத்த மனை, மேற்கில் இன்னாருடைய நஞ்சை, தெற்கில் பாசன வாய்க்கால். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகுதான், நகரத்தில் வேலை பார்ப்பவர்கள் இந்தப் பக்கம் மனை வாங்கிக் குடியேறுவது சுலபமானது. அவர்களுக்காக வயல்கள் ஒவ்வொன்றாக மனைகளாயின. அந்த நஞ்சையில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு. வாய்க்கால் இருந்த இடத்தில் ஒரு சுற்றுச்சுவர்.

வாங்க வந்தவர் பத்திரத்தை வரி வரியாகப் படித்திருந்தார். "வாய்க்கால் என்று போட்டிருக்கிறதே, மழைக்குத் தண்ணீர் வருமா?" என்று கேட்டார். தரகர் பேச்சை மாற்றப் பார்த்தார். அம்மா எழுந்து வாங்க வந்தவரைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். "வந்தால் இந்தப் பக்கமாகத்தான் வரும் தம்பி. 2015 டிசம்பரில் இந்த இரண்டாவது படி வரைக்கும் ஏறியது. உள்ளே வரவில்லை. நீங்கள் இடித்துக் கட்டுவதானால் தரையை உயர்த்திக்கொள்ளுங்கள்."

அவர் விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்டார். தரகருக்கு மனத்தாங்கல், எங்களுக்கு அது நியாயமாகவே பட்டது. குடியேறப் போகிறவருக்குத் தண்ணீர் வரும் வழி தெரிந்திருக்க வேண்டும்.

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இரண்டையும் வாங்கியவரே கட்டினார். கிரயத் தொகையை மூன்றாகப் பிரித்து, மூவர் பெயரிலும் தனித்தனி வரைவோலையாகக் கேட்டு வாங்கினோம். அக்காவின் பங்கு என் கணக்கு வழியாகப் போகக் கூடாது என்பதில் அம்மா உறுதியாக இருந்தார்.